ஒப்பமிடாத கைகள்

(திருப்பனந்தாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என் வலக்கையை வெட்டிக்கொண்டாலும் வெட்டிக்கொள்வேனே தவிர, இந்த நிலையில் உள்ள இந்தச் சட்டத்தில் அந்தக் கையால் ஒப்பமிட மாட்டேன்." இந்தப் பொருள்பட ஒருவர் சீறினார். ஆண்டு 1787. நாள் ஆகஸ்ட் 31. இடம் பிலடெல்பியா. சீறியவர் கலகக்காரர் அல்லர். கல்லெறிந்து திரியும் காளைப் பருவத்தாரும் அல்லர். அறுபதைக் கடந்த பெரியவர், பெருநிலக்கிழார், பிரிட்டிஷ் முடியாட்சியை விரட்டும் பணியிலே முன்வரிசையில் நின்றவர். 1776ஆம் ஆண்டில் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதிய கை அவருடைய கை. ஜார்ஜ் மேசன் என்பது பெயர். உரிமையை எழுதிய அந்தக் கைதான், புதிய அரசியல் சட்டத்தில் ஒப்பமிட மறுத்தது!

இதைத் திருப்பனந்தாளிலே நின்றுகொண்டு ஏன் பேசுகிறாய், மண்ணியாற்றுப் பாசனத்தில் நாற்று விட்டு நடவு நட்டு, விலை கிடைக்குமா கிடைக்காதா என்று வானத்தையும் கொள்முதல் நிலையத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருப்பவர்களுக்கு மேசன் யார், வர்ஜீனியா எங்கே என்று கேட்கத் தோன்றும். காரணம் உண்டு, தோழர்களே. நம்மை நோக்கி ஒரு கேள்வி வீசப்பட்டிருக்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது எதிர்க்கட்சித் தலைவர்கள் இந்திய அரசியல் சட்டப் புத்தகத்தைக் கையிலே ஏந்தி ஊர் ஊராகச் சென்றனர். தேர்தல் முடிந்து ஜூன் மாதத்தில், நாடாளுமன்றத்திலேயே அதை உயர்த்திப் பிடித்து உறுதிமொழி எடுத்த உறுப்பினர்களைக் கண்டோம். உடனே கிளம்பிற்று ஏளனம்: "1957ஆம் ஆண்டிலே தஞ்சையில் மாநாடு கூட்டித் தீர்மானம் போட்டு, இதே சட்டத்தைக் கொளுத்திய கூட்டம் அல்லவா உங்கள் முன்னோர்? அன்று கொளுத்திய கை இன்று ஏந்தலாமா?"

கேட்பவரின் நோக்கம் நேர்மையானதா என்பது வேறு வழக்கு. கேள்வி நேர்மையானது. அதற்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். நான் சட்டக் கல்லூரியின் வாசலை மிதித்தவன் அல்லன். சாதாரணக் கல்லூரியையே நடுவழியில் விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்குப் போனவன். ஆகவே பிரிவுகளை அடுக்கி உங்களை மிரட்ட எனக்கு வராது. கதையாகச் சொல்லத்தான் வரும். அந்தக் கதை பிலடெல்பியாவிலே தொடங்குகிறது.

1787 மே மாதம் கூடியது அந்த அவை. வந்து போனவர்கள் 55 பேர். கதவுகள் சாத்தப்பட்டன. பேசுவது வெளியே கசியக் கூடாது என்பது கட்டளை. கோடை வெப்பத்திலே நான்கு திங்கள் புழுங்கிப் புழுங்கி எழுதி முடித்த அந்தத் தாளில் செப்டம்பர் 17ஆம் நாள் ஒப்பமிட்டவர் 39 பேர். கடைசி நாள் வரை இருந்தும் கையெழுத்திட மறுத்தவர்கள் மூவர்: மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், எல்பிரிட்ஜ் ஜெர்ரி. ஐந்து நாள் முன்னதாக, குடிமக்களின் உரிமைப் பட்டயம் ஒன்றையும் சேர்ப்போம் என்று ஒரு யோசனை வந்தது. மேசன் அதை ஆதரித்துப் பேசினார். வந்திருந்த மாநிலங்களில் ஒன்றுகூட அதற்கு இசையவில்லை. படை திரட்ட அதிகாரம் உண்டு, வரி விதிக்க அதிகாரம் உண்டு, சட்டம் இயற்ற அதிகாரம் உண்டு. எழுதுகிறவனுக்கும் பேசுகிறவனுக்கும் பாதுகாப்பு எங்கே என்று தேடினால் ஒரு வரிகூட இல்லை! கை மறுத்தது அதனாலும்தான்.

ஆனால், தோழர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 39 பேரும் "நாங்கள் எழுதிவிட்டோம், நாளை முதல் இதுதான் சட்டம்" என்று அறிவித்துவிடவில்லை. பதின்மூன்று மாநிலங்கள், ஒவ்வொன்றிலும் இதற்கென்றே தனி அவை தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், ஒன்பது அவைகள் ஏற்றால்தான் சட்டம் உயிர் பெறும் என்று அந்தத் தாளிலேயே எழுதினார்கள். எதிர்க்க ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். திறந்த வாசலிலே ஒரு பேரலை புகுந்தது!

பத்திரிகைகளில் போர் மூண்டது. ஆதரித்தவர்கள் மூவர் "பப்ளியஸ்" என்ற ஒற்றைப் புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினர். எதிர்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "புரூட்டஸ்" என்றும், "கேட்டோ" என்றும், "கூட்டாட்சிக் குடியானவன்" என்றும் பெயர் சூடிக் கொண்டு களத்தில் குதித்தனர். எதிர்ப்பாளர் வரிசையிலே ஒருவரை எனக்குத் தனியாகப் பிடிக்கும். அவர் என் தொழிற்காரர். நாடகம் எழுதுகிறவர். மெர்சி ஓட்டிஸ் வாரன் என்ற பெண்மணி. பிரிட்டிஷ் ஆட்சியை நையாண்டி செய்து நாடகங்கள் தீட்டிய அந்தப் பேனா, 1788இல் புதிய சட்டத்தை எதிர்த்து ஒரு துண்டு நூல் எழுதிற்று. பெயர் போடாமல் எழுதினார். என்ன ஆயிற்று தெரியுமா? நெடுங்காலம் அந்த நூலை எழுதியவர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி என்றே நாடு நம்பிற்று. ஓர் ஆணின் கணக்கிலே அது வரவு வைக்கப்பட்டது! பெண்ணுக்கு அன்று அங்கே வாக்கும் இல்லை. வாதாடிய பெருமையும் இல்லை.

பென்சில்வேனியாவில் நடந்ததோ நாடகமாகவே போடத் தக்கது. ஏற்பு அவையைக் கூட்டுவதற்கான தீர்மானம் சட்டமன்றத்தில் வந்தது. எதிர்ப்பாளர்கள் போதிய எண்ணிக்கை சேரக் கூடாது என்று வெளியேறித் தங்கள் விடுதிகளில் போய் அமர்ந்துகொண்டனர். கூட்டம் ஒன்று திரண்டு, அவர்களில் இருவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வந்து மன்றத்து நாற்காலியில் உட்கார வைத்தது. எண்ணிக்கை சேர்ந்தது, தீர்மானம் நிறைவேறிற்று! ஏற்றவர்களின் வழிகள் எல்லாம் பட்டுப்போல் மென்மையானவை என்று எண்ணிவிடாதீர்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு வாருங்கள். அங்கே முந்திய இரண்டு ஆண்டுகளில் கடனாளிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்து, நீதிமன்றங்களை மறித்து, கடைசியில் படைகொண்டு அடக்கப்பட்டிருந்தனர். வரிக்கும் வட்டிக்கும் நிலம் போவதைக் கண்டவர்கள் அவர்கள். வட்டிக்கு நிலம் போவது எப்படி இருக்கும் என்று தஞ்சைத் தரணியில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்த மாநில அவையில் எழுந்தார் அமாஸ் சிங்கில்டரி என்னும் நாட்டுப்புறத்து முதியவர். இந்த வழக்கறிஞர்களும் படித்தவர்களும் பணம் படைத்தவர்களும் தேனொழுகப் பேசி நமக்கு இந்த மாத்திரையை விழுங்கக் கொடுக்கிறார்கள். பிறகு பெரிய திமிங்கிலம் விழுங்குவது போல எளியவர்களாகிய நம்மையெல்லாம் அவர்கள் விழுங்கிவிடுவார்கள் என்றார். நம் அணைக்கரைக்காரர் பேசியிருந்தால் திமிங்கிலத்துக்குப் பதிலாகக் கொள்ளிடத்து முதலையைச் சொல்லியிருப்பார், பொருள் மாறியிராது.

அவர் பேச்சை யாரும் இராஜத் துரோகம் என்று சொல்லவில்லை. நாட்டைக் காட்டிக் கொடுப்பவர் என்று சங்கிலி போட்டு இழுத்துச் செல்லவில்லை. பேசினார்; பதிலும் ஒரு குடியானவரே சொன்னார்; பிறகு எண்ணினார்கள். 1788 பிப்ரவரி 6ஆம் நாள், ஏற்றவர் 187, எதிர்த்தவர் 168. வெறும் 19 வாக்கு! அந்தப் பத்தொன்பதும் இலவசமாகக் கிடைக்கவில்லை. இன்னின்ன திருத்தங்கள் வேண்டும் என்று பட்டியல் எழுதிச் சேர்த்த பிறகே கிடைத்தது.

ரோட் தீவு என்று ஒரு சின்னஞ்சிறு மாநிலம். பிலடெல்பியாவுக்கு ஆளே அனுப்பாத மாநிலம். அது அவை கூட்டவில்லை. ஊர்க்கூட்டங்களில் மக்களையே கேட்டது. 1788 மார்ச்சில் எண்ணிப் பார்த்தால், எதிர்ப்பு 2,700க்கு மேல்; ஆதரவு 250கூட இல்லை. ஆதரவாளர் பலர் புறக்கணித்து வீட்டிலேயே இருந்துவிட்டனர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி உண்மையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது நமக்கு அழகல்ல. வட கரோலினாவோ, உரிமைப் பட்டயம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று 184க்கு 84 என்ற கணக்கில் ஒதுங்கி நின்றது.

வர்ஜீனியாவில் பேசியவர் பாட்ரிக் ஹென்றி. பேச்சுக் கலையில் பித்துக் கொண்டவர்கள் அவர் பெயரை மறக்க மாட்டார்கள். அவர் தொடுத்த வினா ஒன்று இன்னும் தணியவில்லை: "மாநிலங்களாகிய நாம் என்று எழுதாமல், மக்களாகிய நாம் என்று எழுத இவர்களுக்கு உரிமை தந்தது யார்?" மாநிலங்கள் கரைந்துபோகும், மையம் கொழுத்துவிடும் என்ற அச்சம் அந்த வினாவிலே இருந்தது. ஜூன் 25இல் 89க்கு 79 என்று தோற்றார். தோற்றதும் என்ன சொன்னார்? அமைதியான குடிமகனாக இருப்பேன். ஆனால் இந்தச் சட்டத்தின் குறைகளைச் சட்ட வழியிலேயே நீக்கப் பாடுபடுவேன் என்றார்.

தோற்றார்கள், தோழர்களே. எதிர்த்தவர்கள் தோற்றார்கள். நியூஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஏற்றதும் சட்டம் உயிர் பெற்றுவிட்டது. நியூயார்க்கில் 30க்கு 27. கடைசிக் கடைசியாக ரோட் தீவுகூட 1790 மே மாதம் 34க்கு 32 என்று நுழைந்துவிட்டது. ஆனால் 1789 ஜூன் 8ஆம் நாள், உரிமைப் பட்டயம் தேவையே இல்லை என்று முன்பு கருதிய ஜேம்ஸ் மாடிசனே எழுந்து நின்று திருத்தங்களைக் கொண்டு வந்தார். எதிர்ப்பாளர் தொகை அவ்வளவு! 1791 டிசம்பர் 15இல் பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. பேச்சுரிமை, எழுத்துரிமை, கூடும் உரிமை, காரணமின்றி வீடு புகுந்து சோதிக்கப்படாத உரிமை என்று உலகம் இன்று அமெரிக்கச் சட்டத்தில் எவற்றைப் பாராட்டுகிறதோ, அவற்றில் பெரும்பகுதி ஒப்பமிட்ட கைகள் தந்தவை அல்ல. ஒப்பமிட மறுத்த கைகள் கறந்தவை!

அவர்களைத் தேவர்களாக்கிக் கும்பிட நான் வரவில்லை. அடிமை வாணிகத்தைக் கண்டித்த மேசனிடமே அடிமைகள் இருந்தனர். ஹென்றியிடமும் இருந்தனர், மைய அரசு வலுத்தால் ஒரு நாள் அடிமைகளை விடுதலை செய்துவிடக் கூடுமே என்றும் ஹென்றி அஞ்சிப் பேசினார். எதிர்ப்பு என்ற ஒரே காரணத்தால் எந்த எதிர்ப்பும் புனிதமாகிவிடாது. எதற்காக எதிர்க்கிறான் என்று பார்க்க வேண்டும். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நம் கதையில் இது மீண்டும் தேவைப்படும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கதை தெரியும். செஞ்சடையப்பர் கோயில் கதை. தாடகை என்னும் பெண் மாலை சாத்த வந்தாள், ஆடை நெகிழ்ந்தது, கைகளை உயர்த்த முடியாமல் தவித்தாள், சிவலிங்கம் தலை சாய்த்து மாலையை ஏற்றுக் கொண்டதாம். சாய்ந்தது நிமிரவில்லை. மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தான், அசையவில்லை. குங்கிலியக்கலய நாயனார் வந்தார். கயிற்றின் ஒரு முனையை லிங்கத்திலும் மறுமுனையைத் தம் கழுத்திலும் கட்டி இழுத்தார். நிமிர்ந்தது என்கிறது புராணம். நடந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சியை நான் இந்த மேடையில் நடத்தப் போவதில்லை. ஆனால் கதையைப் புனைந்தவன் மனத்தை ஒரு நாடகக்காரன் என்ற முறையில் மெச்சுகிறேன். சாய்ந்ததை நிமிர்த்த வந்தவன் கயிற்றைத் தன் கழுத்திலேயே மாட்டிக் கொண்டான் என்றானே, அங்கே இருக்கிறது சூட்சுமம். சட்டத்தின் சாய்வை நிமிர்த்த வந்தவர்கள் கழுத்துக்கும் அப்படித்தான் கயிறு வந்தது. இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இந்திய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9இல் கூடிற்று. அதன் உறுப்பினர்களை நீங்களும் நானும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், அன்று நாம் பிறக்கவில்லை என்று சிரிப்பீர்கள். நம் பாட்டன் பாட்டியும் தேர்ந்தெடுக்கவில்லை! 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்தோ வரியோ படிப்போ உடையவர்க்கே பெரும்பாலும் வாக்கு. அவர்கள் தேர்ந்தெடுத்த மாகாண சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான் அங்கே அமர்ந்தனர். திருப்பனந்தாள் வயலிலே சேற்றில் நின்ற பண்ணையாளுக்கு அந்தச் சபையில் வாக்கும் இல்லை, வழியும் இல்லை. வயது வந்தோர் வாக்கில் அமையாத சபை என்று சோஷலிஸ்டுகள் அதைப் புறக்கணித்தனர். 1948 நவம்பர் 4இல் அம்பேத்கர் வரைவுச் சட்டத்தை முன்வைத்தபோது, மௌலானா ஹசரத் மோகானி எழுந்து, புதிய சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே இதை எடுக்க வேண்டும் என்றார். கேட்பாரில்லை. 1949 நவம்பர் 26இல் சபை தானே எழுதித் தானே ஏற்றுக் கொண்டது. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களில் ஏற்பு அவைகள் உண்டா? இல்லை. ஊர்க்கூட்டங்கள் உண்டா? இல்லை. ஒரு சிங்கில்டரி எழுந்து நின்று முதலைக் கதை சொல்ல ஒரு மன்றம் உண்டா? இல்லவே இல்லை!

பிரிவினைக் குருதி காயாத காலம், பொறுக்க நேரமில்லை என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. அந்தச் சட்டத்தின் பெருமைகளை நான் மறைக்கவும் மாட்டேன். எந்த வாக்குரிமை அந்தச் சபையைத் தேர்ந்தெடுக்கும்போது மறுக்கப்பட்டதோ, அதை ஒரே வீச்சில், ஆண் பெண் வேறுபாடின்றி, வயது வந்த எல்லோருக்கும் தந்தது. 1787இன் அமெரிக்கர் கனவிலும் கருதாதது அது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 17ஆம் பிரிவு முழங்கிற்று. கேட்காமல் கொடுத்தார்கள், கொடுத்ததில் நல்லதும் இருந்தது. ஆனால் கேட்காததனால் விட்டுப்போனது என்ன? தீண்டாமை ஒழிந்தது என்று எழுதினார்கள். சாதி ஒழிந்தது என்று எழுதவில்லை.

எதிர்ப்பு இரண்டு திசையிலிருந்து வந்தது. சட்டம் நிறைவேறிய நான்காம் நாள், 1949 நவம்பர் 30இல், ஆர்.எஸ்.எஸ். சார்பான "ஆர்கனைசர்" ஏடு தலையங்கம் தீட்டிற்று: பண்டைய பாரதத்தின் சட்டங்கள் இதில் இல்லையே, மனுவின் பெருமை நம் சட்ட வல்லுநர்க்குத் தெரியவில்லையே என்று ஏங்கிற்று. மனு இல்லையே என்று அழுதவர்கள் ஒரு புறம். மனுவின் வாடை இன்னும் போகவில்லையே என்று கனன்றவர்கள் மறு புறம். சட்டத்தை எதிர்த்தவர்கள் என்று இருவரையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்களே, அவர்களுக்காகத்தான் எதற்காக எதிர்க்கிறான் என்று பார்க்கச் சொன்னேன்.

சட்டம் பிறந்து ஆறு திங்கள்தான் ஓடியிருந்தது. நீதிக்கட்சி நாளிலிருந்து வளர்ந்து வந்த வகுப்புவாரி முறை, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1950 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்திலும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலும் அடிபட்டு வீழ்ந்தது. மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் பிற்பட்டோர் பிள்ளைகளுக்கு இருந்த இடம் பறிபோயிற்று. தமிழ்நாடு கொதித்தது. கடையடைப்பு, ஊர்வலம், கண்டனக் கூட்டம்! டில்லிக்குச் செவி கேட்டது. 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்தது. சமுதாயத்திலும் கல்வியிலும் பிற்பட்டவர்க்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) உள்ளே நுழைந்தது. இந்திய அரசியல் சட்டத்தில் தெருவிலே நின்றவன் எழுதிய முதல் வரி அது. நம் தெருவிலே நின்றவன்! அதே திருத்தத்தில் இன்னொரு வேலையும் நடந்தது: பேச்சுரிமைக்குப் புதிய கட்டுப்பாடுகள் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவின் முதல் திருத்தம் பேச்சுக்கு வேலி போடாதே என்று அரசைத் தடுத்தது. நம் முதல் திருத்தம் ஒரு கையால் கல்வியைத் தந்து, மறு கையால் பேச்சுக்கு இன்னொரு வேலியை நட்டது.

அடுத்து, 1957. நவம்பர் 3ஆம் நாள், இதோ இந்தத் தஞ்சையிலே, திராவிடர் கழகத் தனி மாநாடு. சாதியைக் காக்கும் பிரிவுகளை நீக்கு. நீக்காவிட்டால் நவம்பர் 26இல், சட்டம் ஏற்கப்பட்ட அதே நாளில், அதைக் கொளுத்துவோம் என்றார் பெரியார். கொளுத்த வேண்டிய பிரிவுகள் எவை என்றும் சொன்னார்கள். மத உரிமை என்ற பெயரில் வழக்கங்களுக்குக் கவசம் தரும் 25, 26 அவற்றில் உண்டு. திருத்துவது எப்படி என்று சொல்லும் 368கூட உண்டு. தென்னாட்டு உறுப்பினர் அத்தனை பேரும் ஒன்று சேர்ந்தாலும் டில்லியில் மூன்றில் இரண்டு பங்கு ஆக மாட்டார்களே! திருத்தும் வாசல் என்கிறாய், அதன் சாவி என் கையில் இல்லையே என்பது அவர் வாதம்.

அரசு என்ன செய்தது? சட்டம் இல்லையே என்று விழித்தது; உடனே ஒன்றை இயற்றிற்று. தேசிய மரியாதைக்கு இழிவு செய்வதைத் தடுக்கும் சட்டம் என்ற பெயரில், காமராசர் ஆட்சியில், பக்தவத்சலனார் கொண்டு வந்த மசோதா சில நாட்களில் சட்டமாயிற்று. மூன்றாண்டு வரை சிறை! கொளுத்தும் நாளுக்கு முன்பே பெரியாரைக் கைது செய்தார்கள். ஆனாலும் அந்த நாளில் ஊர் ஊராகத் தாள் எரிந்தது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் சிறை சென்றனர். எதிர்வழக்காடவில்லை, தண்டனையைக் கேட்டு வாங்கிக் கொண்டு போனார்கள். பட்டுக்கோட்டை இராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி ஆகிய இருவரும் 1958 மார்ச்சில் திருச்சிச் சிறையிலே மாண்டனர். மணல்மேடு எங்கே இருக்கிறது? இங்கிருந்து கிழக்கே, காலையில் சைக்கிளை மிதித்தால் பொழுது ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும் தூரம். பாட்ரிக் ஹென்றி தோற்றபோது வீட்டுக்குப் போனார். நம் வெள்ளைச்சாமி வீடு திரும்பவில்லை. இரு சட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பேராசிரியரும் இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

எரிப்பதா, என்ன அநாகரிகம் என்று அன்று நெற்றியைச் சுருக்கினர். அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர் யார்? அம்பேத்கர். அவரே 1953 செப்டம்பர் 2இல் மாநிலங்களவையில், இதைக் கொளுத்துவதில் முதல் ஆளாக நிற்பேன் என்று சினந்து சொன்னார். ஈராண்டு கழித்து அதற்கு விளக்கமும் தந்தார்: கடவுளுக்கென்று கோயில் கட்டினோம், கடவுள் குடியேறும் முன் பேய் புகுந்துகொண்டது, பிறகு என்ன செய்வது என்றார். கட்டியவரே அப்படிச் சொன்னால், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் எப்படிச் சொல்லியிருப்பார்?

1963இல் மொழிப் பகுதியாகிய 17ஆம் பகுதியைக் கொளுத்தப் புறப்பட்ட அண்ணாவுக்கு ஆறு மாதச் சிறை. 1965இல் மாணவர் சிந்திய குருதியை நீங்கள் அறிவீர்கள். அதை இங்கே விரிக்கவில்லை. 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தி பேசாத மாநிலங்கள் இசைகின்ற வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று எழுதப்பட்டது. மாநிலங்களைக் கேட்டு முடிவு செய் என்ற ஹென்றியின் வினாவுக்கு, நூற்றெண்பது ஆண்டு கழித்து, நம் பிள்ளைகள் வாங்கிய ஒரு சிறு விடை அது. ஆனால் அதுவும் ஒரு சாதாரணச் சட்டத்தில்தான் நிற்கிறது. அரசியல் சட்டத்தின் அந்தப் பகுதி எழுதியபடியே இருக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். கொளுத்திய கை ஏந்தலாமா?

ரோட் தீவிலே 1788இல் வேண்டாம் என்று வாக்களித்த குடியானவர் ஒருவரை எண்ணிக் கொள்ளுங்கள். சில ஆண்டு கழித்து அரசாங்கத்தைக் கண்டித்து அவர் பேசுகிறார். காவலர் வருகிறார். அவர் முதல் திருத்தத்தை எடுத்துக் காட்டுகிறார். "நீதான் இந்தச் சட்டமே வேண்டாம் என்றவன் ஆயிற்றே, இப்போது இதைக் காட்டலாமா" என்று காவலர் கேட்டால், அவர் என்ன சொல்வார்? "ஐயா, நான் வேண்டாம் என்றதனால்தான் இந்த வரி இதிலே வந்தது" என்பார். 15(4)ஐ நாம் ஏந்துவது அப்படித்தான். அது எங்கள் தெருவில் எழுதப்பட்டது. அதை ஏந்தாமல் வேறு எவர் ஏந்துவது? மனு இல்லையே என்று 1949இல் அழுதவர்களின் வழிவந்தவர்கள், அந்த அழுகையை எப்போது நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் என்று நாட்டுக்கு முதலில் சொல்லட்டும். பிறகு நம் கைகளைச் சோதிக்கட்டும்.

யாரும் போய்த் தாளைக் கொளுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. 1971ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி அது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதே சட்டம், திருத்தம் வேண்டிச் செய்யும் கண்டனம் குற்றமாகாது என்றும் கூறுகிறது. ஆகவே கண்டனம் செய்ய நமக்கு இடமுண்டு, செய்கிறோம். அமெரிக்காவில் ஒரு திருத்தத்துக்கு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு இசைய வேண்டும். இங்கே சில பிரிவுகளுக்கு மட்டும் மாநில சட்டமன்றங்களில் பாதி இசைந்தால் போதும். ஏனையவற்றுக்கு மாநிலங்களைக் கேட்கவே தேவையில்லை. ஒரு மாநிலத்தை இரண்டாக வெட்ட வேண்டுமா? அந்த மாநில சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் காஷ்மீரத்தை இரு யூனியன் பிரதேசங்களாக்கியபோது கருத்துச் சொல்ல அங்கே சட்டமன்றமே இல்லை, கலைக்கப்பட்டுக் கிடந்தது! மாநிலங்கள் கரைந்துபோகும் என்று வர்ஜீனியாவில் அஞ்சியவரை மிகையாகப் பேசுகிறார் என்று சிலர் அன்று சிரித்தனர்.

தஞ்சை மாநாடு சுட்டிய அந்த 25, 26க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கோயில் கருவறையில் யார் நுழைவது என்ற கேள்வி அந்த இரண்டு பிரிவுகளில்தான் தங்கியிருக்கிறது. 1970 டிசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் இயற்றிற்று. 1972 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பரம்பரை உரிமை ஒழிந்தது செல்லும், ஆனால் ஆகமப்படி அமர்த்த வேண்டும் என்றது. பாதிக் கதவு திறந்தது, மீதிக் கதவு மூடியே நின்றது. 1973 டிசம்பரில் பெரியார் மறைந்தார். 2021 ஆகஸ்ட் 14இல், பயிற்சி பெற்ற பல சாதியினர் 24 பேருக்குத் தமிழ்நாடு அரசு அர்ச்சகர் பணி ஆணை வழங்கியது. வழக்குகள் பறந்தன. அந்த வழக்குகளில் கேடயமாகத் தூக்கிப் பிடிக்கப்பட்ட பிரிவுகள் எவை தெரியுமா, தோழர்களே? 25ம், 26ம்.